மூன்றாவது பல்

மச்சான்,

இன்று காலை அக்கா வந்து உங்கள் அரத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். உங்கள் பழைய துண்டில் சுற்றி, மேலே கயிறு கட்டி, பெண் வீட்டுச் சீர் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். முடிச்சை அவிழ்த்ததும் இலுப்பெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. அதோடு இரும்புத்தூள் வாசம், அதோடு உங்கள் மூக்குப்பொடி வாசம். மூன்றும் சேர்ந்தால் நீங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து தும்மப் போகிறீர்கள் என்று நினைத்துச் சற்று ஒதுங்கிக்கூட உட்கார்ந்தேன். பதினாறு வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு பொழுது ஆக்குகிற மனிதர், ஆடிக் காய்ச்சலில் நாலே நாளில் எழுந்து போய்விட்டீர்கள். எதில் அவசரப்படுவது என்று உங்களுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

மணலில் விரல் வைத்து எழுதியதோடு என் படிப்பு நின்றது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கோணலைப் பற்றி நீங்கள் மட்டும் வாய் திறக்கக் கூடாது. நம் வாள் முதன்முதலில் அறுத்த இரண்டு மரத்தையும் நினைத்துக்கொண்டு படியுங்கள்.

புதன்கிழமை கண்டரமாணிக்கத்தில் மரம் இருக்கிறது. மரத்தின் மேல் நான் நிற்க, கீழே குழிக்குள் நின்று வாளை இழுக்க ஒரு ஆளைப் பிடித்திருக்கிறேன். நல்ல தோள், தும்மல் கிடையாது. வாள்தான் மழுங்கிக் கிடக்கிறது. அதை அராவ இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். ஆனால் இந்த அரத்தை இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன் என்று குன்றக்குடி முருகன் பேரில் சத்தியம் செய்தவனும் நான்தான். காலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பிறத்தியார் பிள்ளையைக் கையில் வாங்கிய மாதிரி, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாள் வாங்கின கதையை நீங்கள் எல்லாரிடமும் ஒரு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன். இனிமேல் குறுக்கே பேச முடியாது.

அதுவரைக்கும் இரவல் வாளில்தான் அறுத்துக்கொண்டிருந்தோம். சொந்த வாள் இருந்தால்தான் பெரிய மரம் கிடைக்கும் என்று நீங்கள் ஆறு மாதம் அக்காவின் காதைக் கடித்தீர்கள். அக்கா தன் கறவைப் பசுவை விற்றாள். குன்றக்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் பழைய சீமை வாள் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். ராக்காயி வீடு. புருஷன் மேலே நிற்க, குழிக்குள் நின்று அவளே இழுத்த வாள் அது. புருஷனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போய்க் கை தூக்க முடியாமல் ஆனதால் விற்க வைத்திருந்தாள்.

பழைய வாள் பார்ப்பது எப்படி என்று எனக்குப் பாடம் நடத்தியபடியே வந்தீர்கள். முதலில் விரல் கணுவால் தட்டினீர்கள். காதை ஒட்டிவைத்து வெகுநேரம் கேட்டீர்கள். இரண்டு முனையையும் பிடித்து வளைத்து விட்டீர்கள். அது துள்ளி நிமிர்ந்து உங்கள் தாடையைப் பதம் பார்த்தது. பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பல் வரிசையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நோட்டம் விட்டீர்கள். கடைசியில் நாக்கை நீட்டி இரும்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். எதற்கு என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.

ராக்காயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தீகளா, வாளு வாங்க வந்தீகளா?"

"நல்லது கெட்டது பாக்க வேணாமா, தாயி" என்றீர்கள்.

"பாருங்க, பாருங்க. ஆனா பொண்ணு பாக்கப் போன எடத்துல யாரும் நக்கிப் பாக்க மாட்டாக."

நான் சிரித்ததில் உங்களுக்கு வந்த கோபம் அந்த மாதம் முழுக்க இருந்தது.

விலை பேசி முடிந்த பிறகு வாளைக் கையில் தருகிற நேரத்தில் அவள் சிரிப்பை விட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். "ஒண்ணு சொல்லிப்புடுறேன். இதுக்கு ஒரு கைதான் ஆகும். யாரு அராவுறதுன்னாலும் அவுக ஒருத்தருதான் அராவணும். கை மாறுனா வாளு கோணும்."

"சரிதான் தாயி" என்றீர்கள். "சரிதான்" என்றேன் நானும். அந்த ஒரு கை யாருடைய கை என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பானேன் என்று நான் இருந்தேன். நீங்களும் அப்படியே இருந்திருக்கிறீர்கள்.

ஊருக்குள் வந்த அழகை மறக்க முடியுமா. முன் முனை உங்கள் தோளில், பின் முனை என் தோளில், நடுவே ஆள் நீள வாள் நாம் எட்டு வைக்கிறபோதெல்லாம் 'டொய்ங்' என்று பாடிக்கொண்டு வந்தது. எதிரே வந்தவர்கள் வரப்பில் இறங்கி வழிவிட்டார்கள். வாசலில் நின்ற அக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது வேளைக்கு எத்தன படி கறக்கும்?"

அடுத்த வாரமே கண்டரமாணிக்கத்து ஆச்சி வீட்டில் வேலை கிடைத்தது. செட்டியார் ரங்கூனில் இருந்தார். புது வீட்டைக் கட்டி எழுப்பியதெல்லாம் ஆச்சிதான். தொண்டியில் கரை இறங்கி மாட்டுவண்டியில் வந்த பர்மாத் தேக்கு முற்றம் முழுக்கக் கிடந்தது. அதில் ஒரு மரத்தை மட்டும் தனியாகச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள். தலைவாசல் நிலைக்கான மரம். அந்த அளவில் இரண்டாவது மரம் கிடையாது. ஐப்பசியில் மகனுக்குக் கல்யாணம். அதற்குள் நிலை நிற்க வேண்டும்.

"மொதல்ல சின்ன மரத்த அறுங்க அப்பு. கை எப்படின்னு பாத்துட்டு அதத் தொடலாம்" என்றார் ஆச்சி.

முதல் நாள் நீங்கள் அராவினீர்கள். வயதில் மூத்தவர், அக்கா புருஷன், போகட்டும் என்று விட்டேன். ஆனால் நீங்கள் அராவின பல்லை விரலால் தடவிப் பார்த்தால், அரைகுறையாக மயிர் பிடுங்கிய கோழி மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிகாலை நீங்கள் குளத்துக்குப் போன நேரத்தில், உங்கள் மனம் நோகக் கூடாது என்று, சத்தமில்லாமல் எல்லாப் பல்லையும் என் கைக்கு ஒரு தரம் அராவி வைத்தேன். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு நான் வேப்பமரத்தடியில் கண் அசந்ததும், 'என்னமோ பிசிறு தட்டுதே' என்று நீங்கள் ஒரு தரம் அராவினீர்கள், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை பார்த்தால் பல் மறுபடியும் கோழி மாதிரி. ஒரே நாள் அறுப்பில் இப்படிப் போகிறதே, இரும்பு சரியில்லை என்று முடிவு கட்டினேன். நீங்களும் அதையே முடிவு கட்டினீர்கள்.

வாளின் பல் என்றால் ஒன்று இந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், அடுத்தது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், உயரம் மட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நம் வாளில் ஐந்தே நாளில் ஒரு பல் குட்டை, ஒரு பல் நெட்டை, ஒன்று படுத்துக் கிடந்தது. மேலே நின்று கரிக்கோட்டைப் பார்த்து நான் வாளை நேராகத்தான் விட்டேன். அது தன்பாட்டுக்கு ஊர்க் கண்மாய்க் கரை மாதிரி வளைந்து வளைந்து போனது. குழிக்குள் உங்களுக்கு வாயைத் திறக்க வழியில்லை, திறந்தால் மரத்தூள். ஆகவே மூடின வாயோடு "ம்ம்" என்பீர்கள். இழு என்பதற்கு ஒரு 'ம்ம்', நிறுத்து என்பதற்கு ஒரு 'ம்ம்', நாசமாய்ப் போனவனே என்பதற்கு ஒரு 'ம்ம்'. அந்த வாரம் மூன்றாவதுதான் அதிகம் கேட்டது.

இரண்டு சின்ன மரமும் முடிந்தபோது ஆச்சி வந்தார். ஒரு பலகையைத் தரையில் போட்டார். ஒரு முனையை மிதித்தால் மறு முனை எழுந்து நின்றது.

"என்ன அப்பு, பலகை கேட்டா அப்பளம் போட்டுக் குடுத்திருக்கீக" என்றார்.

அவர் காலை எடுத்ததும் பலகை படீரென்று விழுந்தது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள வாளு நேரா ஓடுனா நிலை மரம் ஒங்களுக்கு. இல்லைன்னா மலையாளத்து ஆளுக்குச் சொல்லிவிடுறேன். எங்குட்டாவது விறகு வெட்டுற வேலையா பாத்துக்கங்க."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஆச்சி வேண்டாம் என்ற ஆளைச் சுற்றுவட்டத்தில் ஒரு வீட்டிலும் மரத்துக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். பசுவும் போய், தொழிலும் போய், வாள் மட்டும் மிஞ்சப் போகிறது.

அன்று சாயங்காலம் அக்கா மிளகாயும் உப்பும் எடுத்து வாளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நெடியில் நீங்கள் ஏழு தரம் தும்மினீர்கள். தும்மி முடித்து, வாள் நேரானால் காவடி எடுப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டீர்கள்.

"மச்சான், முருகன் மலைமேல இருக்காரு. குழிக்குள்ள இருந்து வேண்டுனா அவருக்கு எங்குட்டுக் கேக்கும்? மேல நிக்கிறவன், நான் வேண்டிக்கிறேன்" என்றேன்.

"நீ வேண்டுனா இருக்கிற பல்லும் விழுந்துரும்டா, மாப்ள. வாளு பொய் சொல்லாது. அந்த ராக்காயிதான் பொய் சொல்லியிருக்கா. வா, போயி மூஞ்சியில எறிஞ்சிட்டு வருவம்."

மறுநாளே வாளைத் தூக்கிக்கொண்டு போனோம். போகிற வழியெல்லாம் அவளிடம் என்னென்ன கேட்பது என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் மெருகேற்றினேன். அவள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாம் சொன்ன அத்தனையையும் கேட்டாள். புளியை ஒதுக்கிவிட்டு வாளை மடியில் வாங்கி, ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். பாதியில் கை நின்றது.

"யாரு அராவுறது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றீர்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கொல்லையில் ஒரு கோழி கொக்கரித்தது, அதற்கும் விஷயம் புரிந்துவிட்ட மாதிரி.

ராக்காயி வாளைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளே இருந்த புருஷன் என்னவோ ஏதோ என்று ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். "இங்க பாருங்க, ஒரே பல்லுல ரெண்டு பேரு ஏரு ஓட்டியிருக்காக" என்று அவரிடம் காட்டினாள். பிறகு நம் பக்கம் திரும்பினாள். "ஒரு தலைய ரெண்டு பேரு செரைச்சா காது மிஞ்சுமா? என்னையத் திட்ட இம்புட்டுத் தூரம் நடந்தீகளே, அம்புட்டு நேரமும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த கேக்கலையா?"

"இவன் மனசு நோகுமேன்னு..." என்று இழுத்தீர்கள்.

"எனக்கும் அதான்" என்றேன்.

"நல்ல மனசு. பல்லுதான் போச்சு" என்றாள்.

வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. அவளே உட்கார்ந்து எல்லாப் பல்லையும் குட்டையான பல்லின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். அரத்தைப் பிடிக்கும் கோணத்தை உங்கள் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். ஏன் அவர் கை, என் கைக்கு என்ன குறை என்று கேட்டேன். "கீழ நின்னு இழுக்கிறவனுக்குத்தான் பல்லோட நோவு தெரியும். மேல நிக்கிறவனுக்குக் கோடுதான் தெரியும். நீ போயி ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள். திரும்பி வந்ததும் என் கையை அரத்தின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். இனி இந்த அரத்தைத் தொடமாட்டேன், குன்றக்குடி முருகன் சாட்சி. நான் சொன்னேன். அந்த நேரம் உங்கள் முகத்தில் இருந்த களையைப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட மச்சான் இப்படி இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சாக்கை எடுத்தார்கள். மரத்தைக் குழிமேல் ஏற்றிக் கரிநூல் தெறித்துக் கோடு போட்டதும், ஆச்சி நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வாளின் பிடியை இரண்டு தரம் மாற்றிப் பிடித்தேன். அப்போது குழிக்குள்ளிருந்து ஒரு 'ம்ம்' வந்தது. இதுவரைக்கும் கேட்டிராத 'ம்ம்'. பயப்படாதே என்பதற்கும் ஒன்று வைத்திருந்திருக்கிறீர்கள், அன்றைக்குத்தான் வெளியே எடுத்தீர்கள்.

வாளை வைத்தோம். சர்ரென்று இறங்கியது. கோட்டைவிட்டு மயிரிழை விலகவில்லை. ஆப்பு செருகிச் செருகி, எண்ணெய் தொட்டுத் தொட்டு, வெயில் சாய்கிற நேரத்தில் மரம் இரண்டாகப் பிரிந்தது. ஆச்சி எழுந்து வந்து அறுத்த முகத்தில் நூலை இழுத்து வைத்துப் பார்த்தார். நூலுக்கும் மரத்துக்கும் நடுவில் எறும்பு போக வழியில்லை.

"மோரு குடிச்சிட்டுப் போங்க அப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழிக்குள்ளிருந்து தலையெல்லாம் மரத்தூளாக நீங்கள் ஏறி வந்ததைப் பார்த்து, மோர் கொண்டுவந்த அம்மாள் ஒரு நிமிஷம் செம்பைத் தரலாமா வேண்டாமா என்று யோசித்தார்.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த கதை. இனிமேல் வருவது தெரியாத கதை என்றுதான் இன்று காலை வரைக்கும் நினைத்திருந்தேன்.

நான் சத்தியம் செய்தது அரத்தைத் தொடமாட்டேன் என்று. சாணைக்கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு கல் துண்டை இடுப்பு மடியில் வைத்திருந்தேன். நீங்கள் கைகழுவப் போகிற நேரத்தில், என் பக்கத்துப் பிடியிலிருந்து மூன்றாவது பல்லை மட்டும் ஒரு தேய்ப்புத் தேய்ப்பேன். ஒரே ஒரு பல். பாதி வாள் என்னுடையது, அதில் ஒரு பல்லாவது என் கைக்கு வரக் கூடாதா? பதினாறு வருஷம் அந்தப் பல்லை உங்களுக்குத் தெரியாமல் நான் வளர்த்தேன். அது மழுங்கவே இல்லை. வேறு ஊர் அறுப்புக்காரர்கள் வந்தால் நீங்கள் அதைத்தான் தொட்டுக் காட்டுவீர்கள். "அந்த எடத்துல இரும்பு அப்படி. சீமையில காய்ச்சும்போதே விழுந்த சூடு" என்பீர்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்களை இத்தனை வருஷம் ஏமாற்றியவன் நான் ஒருவன்தான் என்று உள்ளுக்குள் அவ்வளவு பெருமை.

இன்று காலை அரத்தைக் கொடுத்துவிட்டு வாசற்படி இறங்கின அக்கா திரும்பி நின்றாள்.

"தம்பி, மேலருந்து மூணாவது பல்ல மட்டும் அரம் போட்டுறாத."

"ஏன்?"

"எனக்கென்னடா தெரியும். அவுக அதத் தொட மாட்டாக. ஒருநா ஒண்ண விட்டுட்டீகளேன்னு கேட்டேன். அது மாப்ள பல்லு, அவன் கல்ல வச்சுத் தேய்ச்சுக்குவான், நமக்கெதுக்குன்னாக. கேட்டா அவன் மனசு நோகும், கேட்காதன்னு வேற சொன்னாக."

அவள் போய்விட்டாள். சீமையில் விழுந்த சூடா, மச்சான்? ஊர் ஊராக என்னை வைத்துக்கொண்டே சொன்னீர்களே, முகத்தில் ஒரு சுருக்கம் உண்டா? வாள் பொய் சொல்லாது என்பீர்கள். சொன்னதெல்லாம் நீங்கள்தான்.

பிறகு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் குன்றக்குடி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். "யாருக்கு நேர்த்தி?" என்று சிரைத்தவர் கேட்டார். "அரத்துக்கு" என்றேன். கத்தி ஒரு நொடி நின்று பிறகு ஓடியது. சந்நிதியில் நின்று, முருகா, தொடமாட்டேன் என்றது நான், தொட வைத்தது மச்சான், விசாரிப்பதாக இருந்தால் அவரிடம் விசாரி, இப்போது உன் பக்கத்தில்தான் எங்காவது தும்மிக்கொண்டு இருப்பார் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மத்தியானம் உட்கார்ந்து அராவினேன். அரத்தின் மரப்பிடியில் உங்கள் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்திருக்கிறது. என் விரல் சின்னது, அதில் ஆடுகிறது. ராக்காயி உங்களுக்குக் காட்டின கோணத்தைத் தண்ணீர்க் குடத்தோடு நின்று நானும் பார்த்துத்தான் வைத்திருந்தேன். மேலேயிருந்து மூன்றாவதுக்குக் கல்தான், எப்போதும்போல. மற்றதெல்லாம் அரம் போட்டு முடித்தேன், ஒன்று தவிர. உங்கள் பக்கத்துப் பிடியிலிருந்து மூன்றாவது பல். அதை மட்டும் நீங்கள் கடைசியாக அராவி வைத்தபடியே விட்டுவிட்டேன்.

புதன்கிழமை இழுப்புக்கு ஒரு தரம் அந்த இடத்தில் வாள் லேசாகத் தட்டும். குழிக்குள் நிற்கிறவன் மேலே பார்த்து, "என்னண்ணே, இந்த எடத்துல தட்டுது" என்று கேட்பான்.

அந்த இடத்தில் இரும்பு அப்படி என்று சொல்லிவிடுவேன்.